மாரி வெள்ளத்தில் கைகொடுத்தவர்களுக்கு எங்கள் சபையின் நன்றி மடல்

அன்புடையீர்,

கார்த்திகை மழையோடு தொடங்கிய வேலை தைப்பொங்கலுக்கு முன்னர் ஒருவாறு முடிந்தது. அரிசி தந்தவர்கள், காசு அனுப்பியவர்கள், கிடாரம் இரவல் தந்தவர்கள், கிணற்றுக்குள் இறங்கிச் சேறு அள்ளியவர்கள் எல்லோருக்கும் எங்கள் யாழ்ப்பாணத் திருச்சபையின் சார்பில் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஒருவரின் பெயரும் இங்கே இல்லை. நீங்கள் தந்தது எங்கே போனது, எப்படிப் பயன்பட்டது என்பதை மட்டும் உள்ளபடி எழுதுகிறோம். தங்கள் ஊரிலும் இப்படிச் செய்ய விரும்பும் சபைகளும் கோயில்களும் விளையாட்டுக் கழகங்களும் அளவுகளைக் கேட்டிருந்தன. ஆகவே மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி பிடியரிசிக்கு. உலையில் போட முன்னர் ஒரு பிடி அரிசியை எடுத்து ரின்னில் போட்டுவைத்து, ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது கொண்டுவரும் அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளம் வந்த அன்றே அடுப்பு மூட்டக் கையில் அரிசி இருந்தது அவர்களால்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. குத்தரிசியும் பச்சையரிசியும் சம்பாவும் ஒரே சாக்கில் கலந்துவிட்டால் சோறாக்க முடியாது. பச்சையரிசி குழைந்துபோகும் நேரத்தில் குத்தரிசி அரை அவியலில் நிற்கும். மாதர் சங்கத்தினர் வாசலில் மூன்று வாளிகளை வைத்து இனம் இனமாகக் கொட்டச் சொன்னதன் அருமை அடுப்படியில்தான் தெரிந்தது. ஏற்கெனவே கலந்து கிடந்ததைக் கஞ்சிக்கு எடுத்தோம், கஞ்சி என்றால் குழைந்தாலும் குறையில்லை. வண்டு பிடிக்காமல் இருக்க, வெயிலில் காயவைத்து ஆறிய அரிசியை மூடி இறுகும் பரலில் காய்ந்த வேப்பிலையோடு போட்டுவைத்தவர்களுக்கும் நன்றி. சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

அடுத்தது அடுப்படி. பக்கத்துக் கோயில் அன்னதான மடத்திலிருந்து கிடாரங்களும் வந்தன, அவற்றைக் கையாளத் தெரிந்த சமையற்காரரும் வந்தார். 1870களின் பஞ்சத்தில் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திய ஊர் இது. பசித்தவனுக்கு முன்னால் சமயக் கணக்குப் பார்க்கும் பழக்கம் இங்கே இல்லை. நூறு பேரின் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு அந்தச் சமையற்காரர் தந்த அளவு: அரிசி 12 கிலோ, மைசூர்ப் பருப்பு 3 கிலோ, மரக்கறி 8 கிலோ, தேங்காய் 10, வெங்காயம் ஒன்றரைக் கிலோ. சின்னப்பிள்ளைகள் கூடுதலாக இருக்கும் இடத்துக்கு 10 கிலோ அரிசி போதும். பகல் முழுக்க வளவு துப்புரவாக்கும் பெடியள் என்றால் 15 கிலோ வேண்டும். ஒரு கிடாரத்தில் 10 கிலோவுக்கு மேல் அரிசி போட அவர் விடவே இல்லை. போட்டால் அடியில் பிடிக்கும், மேலே அவியாமல் கிடக்கும், கிளறப்போனால் எல்லாம் களியாகிவிடும். நனைந்த விறகு புகைந்துகொண்டிருந்த வேளையில் காய்ந்த பனை ஊமலும் தேங்காய்ப் பொச்சும் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து இறக்கியவர்களுக்குத் தனி நன்றி. ஊமல் நின்று எரியும், பொச்சு சட்டென்று பிடிக்கும். இரண்டும் இருந்தால் ஈர விறகையும் சமாளிக்கலாம்.

பார்சல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மண்டபத்தில் உடனே பரிமாறும் கறிக்கு மட்டும்தான் தேங்காய்ப்பால். ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்க் கொடுக்கும் பார்சலில் பால் விடாத பருப்பும் எண்ணெயில் வதக்கிய கறியும்தான் வைக்கலாம். தேங்காய்ச் சம்பலும் கூடாது. சுடச்சுட இறுக்கிக் கட்டிய சோறு மணிக்கணக்காகச் சூடு தணியாமல் இருந்து, அந்த இளஞ்சூட்டிலேயே பழுதாகும். சோற்றைப் பெரிய தட்டுகளில் பரப்பி ஆவி போனபின் கட்டினார்கள். கட்டிய நேரத்தைப் பெட்டியின் மேல் எழுதினார்கள். நான்கு மணித்தியாலம் கடந்தால் ஒருவருக்கும் கொடுப்பதில்லை என்பது விதி. மிஞ்சியதைக் கொட்டும்போது சிலர் முகம் சுளித்தது உண்மைதான். இடம்பெயர்ந்து வந்து, ஒரு மலசலகூடத்தை ஐம்பது பேர் பாவிக்கும் இடத்தில் வயிற்றோட்டம் தொடங்கினால் என்னவாகும் என்று யோசித்தால் அந்தச் சுளிப்பு போய்விடும்.

தண்ணீர் வடிந்து ஆட்கள் வீடு திரும்பத் தொடங்கியதும் சமைத்த சாப்பாட்டை நிறுத்திவிட்டு உலருணவுக்கு மாறினோம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு கிழமைக்கான பொதியில் அரிசி 10 கிலோ, பருப்பு 2 கிலோ, கோதுமை மா 2 கிலோ, சீனி 2 கிலோ, தேயிலை 200 கிராம், தேங்காயெண்ணெய் ஒரு போத்தல், கறித்தூள் 250 கிராம், உப்பு, 400 கிராம் பால்மா, சோயாமீற் நான்கு பக்கற், நெத்தலிக் கருவாடு அரைக் கிலோ. அரிசிக் கணக்கு எளிது: ஆளுக்கு நாளொன்றுக்கு 350 கிராம் என்றால் ஏழு நாளுக்கு 9.8 கிலோ. சவர்க்காரமும் நுளம்புச்சுருளும் நப்கினும் வேறு பையில் போட்டு வெளியே கட்டப்பட்டன. உள்ளே போட்டால் மாவும் தேயிலையும் சவர்க்கார மணம் பிடித்துவிடும், அந்த மாவில் சுட்ட ரொட்டியைப் பிள்ளைகள் வாயில் வைக்காதுகள். எண்ணெய்ப் போத்தல் மூடியைச் சுற்றி ரேப் ஒட்டுவதும், அதைப் பொதியின் நடுவில் நிமிர்த்தி வைப்பதும் சின்ன வேலைதான். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக இருந்து அதைச் செய்துதந்தார்கள். சொப்பிங் பை இந்தப் பாரத்துக்குக் கிழியும். கழுவிக் காயவைத்த சாக்குப்பைகளைத் தந்த கமக்காரர்களுக்கும், கொள்வனவு விலைக்கே சாமான் தந்து வீடு வரைக்கும் பட்டா வாகனத்தில் இறக்கிவிட்ட கடைக்காரருக்கும் நன்றி. உரமோ மருந்தோ இருந்த பையைக் கழுவினாலும் உணவுக்கு எடுக்கக்கூடாது என்று அரிசி, மா இருந்த பைகளை மட்டும் தெரிந்து தந்தார்கள்.

பழைய உடுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நல்ல மனதோடுதான் தருகிறார்கள். ஆனால் ஈரத்தோடு மூட்டையில் கட்டிய உடுப்பு இரண்டு நாளில் மக்கிப்போகிறது, தரம் பிரிக்கவே ஒரு மண்டபமும் பத்துப் பேரும் தேவைப்படுகிறார்கள். வெள்ளத்தில் எல்லாம் போனவர்கள் கேட்பது புது உள்ளாடை, துவாய், பெட்சீற், சாரம், சின்னப்பிள்ளைகளுக்கு அளவான சட்டை. அடுத்த முறையும் இவற்றையே கேட்போம். பழையது வேண்டாம் என்று சொன்னபோது கோபிக்காமல், அதே பெறுமதிக்குப் புதுத் துவாய் வாங்கித் தந்த குடும்பங்களுக்கு மிக்க நன்றி.

கனடா, லண்டன், சுவிஸ் பக்கமிருந்து பெட்டியாக அனுப்பாமல் காசாக அனுப்பியவர்களுக்கும் இதே நன்றி. பெட்டி வந்து சேரும்போது பசி வேறு இடத்துக்குப் போயிருக்கும். காசு என்றால் அன்றன்றைக்கு என்ன குறைகிறதோ அதை ஊர்ச் சங்கக்கடையில் வாங்கலாம். வெள்ளத்தில் வியாபாரம் படுத்த கடைக்கும் அது கைகொடுக்கும். வந்த காசு எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு உண்டு. வங்கியில் எடுக்க இருவர் கையொப்பம் வேண்டும். அறுவடை விழா ஏலக்காசும் இந்தக் கணக்கிலேயே சேர்ந்தது. வரவு செலவு முழுவதும் ஆலய அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது, சபைக்கு வெளியே உள்ளவர்களும் வந்து பார்க்கலாம்.

இனிக் கிணறு. உண்மையில் இந்த மடல் எழுதுவதே இதற்காகத்தான் என்றாலும் தவறில்லை. 2008இல் நிஷா புயலையும் 2020இல் புரெவிப் புயலையும் கண்டவர்களுக்குத் தெரியும், வெள்ளம் வடிந்த பிறகுதான் கிணற்றின் வில்லங்கம் தொடங்குகிறது. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். வெடிப்பும் துவாரமுமாக இருக்கும் அந்தக் கல்லினூடாக மலக்குழித் தண்ணீர் வடிபடாமலே கிணற்றுக்கு வந்துவிடுகிறது. கட்டுக்கு மேலால் வெள்ளம் பாயாத கிணறு என்றாலும் நம்பிக் குடிக்க முடியாது. சோறும் துணியும் கொடுக்கப் பல பேர் வருவார்கள், சேறு அள்ள வருபவர்கள் குறைவு. வாலிபர் சங்கத்துத் தம்பிமாரும் அயலிலுள்ள விளையாட்டுக் கழகத்துப் பெடியளும் அந்த வேலையைத் தலையில் எடுத்தார்கள்.

செய்முறை இதுதான். சுற்றுவட்டாரத்தில் வெள்ளம் நிற்கும்போதே கிணற்றை வற்ற இறைக்கக்கூடாது. வெளியே நிற்கும் நீரின் அழுத்தம் தாங்காமல் கட்டு உள்ளே சரியும். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் அடிவரை இறைத்தால் கீழேயிருக்கும் உவர்நீர் மேலே வந்துவிடும், பிறகு அது இறங்க மாதக்கணக்காகும். அங்கே கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிட்டு இறைக்க வேண்டும். இறைக்கும் மிசின் கிணற்றடியை விட்டுத் தள்ளி, காற்றடிக்கும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். நீர்மட்டம் 23 அடிக்குக் கீழே இறங்கினால் மேலே நிற்கும் மிசின் உறிஞ்சத் திணறும். அந்த நேரத்தில் மிசினைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவோம் என்று யாராவது ஒருவர் சொல்வார். அவருடைய பேச்சைக் கேட்கவே கூடாது. புகையில் வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, கிணற்றுக்குள் நிற்பவர் மயங்கி விழுவதுதான் முதல் அறிகுறி. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறை ஒட்சிசன் குறைவைக் காட்டும், இந்த நஞ்சைக் காட்டாது. இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே அதைப் பிடிக்க இருவர். இந்த ஒழுங்கில் யாருக்கும் விலக்குக் கொடுக்கவில்லை.

சேறும் குப்பையும் எடுத்து, உட்கட்டைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் திரும்ப ஊறித் தெளிந்தபின் குளோரீன். இங்கேதான் பலர் கண்மதிப்பில் ஒரு சுண்டு தூளைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். முதலில் அளக்க வேண்டும். கல் கட்டிய கயிறொன்றை அடிவரை இறக்கினால் நனைந்த நீளம் தண்ணீரின் ஆழம். எட்டடி விட்டமுள்ள கிணற்றில் பத்தடித் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 14,000 லீற்றர். 70 வீதக் குளோரீன் தூள் என்றால் 1,000 லீற்றருக்கு 25 கிராம், அதாவது அந்தக் கிணற்றுக்கு 350 கிராம். சாதாரண பிளீச்சிங் பவுடரில் 30 வீதம்தான் இருக்கும், அதனால் 800 கிராமுக்கு மேலே போக வேண்டும். பவுடர் பழையது, ஈரம் பட்டது என்றால் அந்த 30 வீதமும் இராது. பையில் எழுதியிருக்கும் வீதத்தைப் பார்க்காமல் இரண்டுக்கும் ஒரே அளவு போடுவதால்தான் ஒரு வீட்டில் மணம் தாங்காமல் கிணற்றை மூடுகிறார்கள், அடுத்த வீட்டில் கிருமி அப்படியே இருக்கிறது.

தூளை நேரே கிணற்றில் கொட்டக்கூடாது. பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படியவிட்டு, மேலே தெளிந்ததைச் சுற்றிவர ஊற்றி, துலாவாளியைப் பலமுறை இறக்கித் தூக்கிக் கலக்க வேண்டும். இரவு முழுக்க அப்படியே விட்டு, மறுநாள் மணம் குறையும்வரை இறைத்து ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீரைப் பயிருக்கும் மீன்தொட்டிக்கும் விடவேண்டாம். கையுறை, கண்ணாடி கட்டாயம். கக்கூஸ் கழுவும் அசிட் போத்தலுக்குப் பக்கத்தில் இந்தத் தூளை வைக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

குளோரீன் கிருமியைத்தான் கொல்லும். உவரை எடுக்காது, எண்ணெயை எடுக்காது, தோட்டத்து உரத்தால் வரும் நைத்திரேற்றையும் எடுக்காது. நைத்திரேற்று கொதிக்க வைத்தாலும் போகாது. தோட்டங்களுக்கு நடுவே கிணறுள்ள வீடுகளில் கைக்குழந்தைக்குப் பால் கரைக்க வேறு தண்ணீர் எடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்ன பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் நன்றி. எஞ்சிய குளோரீனை அளந்து, அளவு சரி என்று சொன்ன பிறகே குடிக்க விட்டார்கள்.

2024 டிசெம்பரில் எலிக்காய்ச்சல் எங்கள் மாவட்டத்தில் உயிர்களைக் கொண்டுபோனதை ஒருவரும் மறக்கவில்லை. அதனால் சேற்றில் நின்றவர்களுக்குப் பூட்ஸ் வாங்கித் தந்தவர்களையும், காலில் காயமுள்ளவர்களைத் திருப்பி அனுப்பியவர்களையும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் ஆலோசனைப்படி தடுப்பு மாத்திரைக்கு ஒழுங்கு செய்தவர்களையும் மனதார நினைக்கிறோம்.

பட்டியல் தயாரிப்பில் கிராம அலுவலர்கள் பொறுமையோடு உதவினார்கள். முகாமில் பதிந்தவர்கள் மட்டும் பட்டியலில் வருவது வழக்கம். சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் ஒதுங்கிய குடும்பங்கள் விடுபட்டுப் போகும். வாசிகசாலைக்காரரும் முன்பள்ளி ஆசிரியைகளும் அவர்களைத் தேடித்தேடிச் சேர்த்தார்கள். பொதியோடு பிரசுரம் வைக்கவில்லை, வாங்குபவரைப் படமும் எடுக்கவில்லை. சிலர் படம் கேட்டார்கள், கணக்கை அனுப்பினோம். பிள்ளைகளுக்கான கொப்பியும் சப்பாத்தும் பாடசாலை அதிபர்கள் கையாலேயே கொடுக்கப்பட்டன.

கடைசியாக இரவல் சாமான். பெரும்பாலானவை திரும்பப் போய்விட்டன. மூடியில் சிவப்புப் பெயின்ற் அடித்த நடுத்தரக் கிடாரம் ஒன்றும், பிடி உடைந்த ஈய அகப்பை இரண்டும், நீல நிறத் தறப்பாள் ஒன்றும் இன்னும் ஆலய மண்டபத்தில் இருக்கின்றன. கிடாரத்துக்கு ஈயம் பூசி வைத்திருக்கிறோம். உரியவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு வந்து எடுத்துச் செல்லவும்.

இப்படிக்கு,
சபையின் சமூகப்பணிக் குழுவினர்,
யாழ்ப்பாணம்