‘பேட்டரி போச்சு’ என்று சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாவியைத் திருகினால் டேஷ்போர்டில் ஒரு விளக்கும் இல்லை, ஹாரன் இல்லை, சென்ட்ரல் லாக் அசையவில்லை. இப்படி அடியோடு இருண்டுபோன காருக்கு வாகனக் குறிப்பு எழுதுபவர்களும் கடைக்காரர்களும் ஒரே வைத்தியம்தான் சொல்கிறார்கள்: புது பேட்டரி. அதை மாட்டியதும் கார் ஓடிவிடுவதால் பழையது செத்துவிட்டது என்று உரிமையாளரும் நம்பிவிடுகிறார். மாற்றும்போது டெர்மினலை (பேட்டரியில் ஒயர் சேரும் முனை) கழற்றிச் சுரண்டி இறுக்கியதுதான் பல சமயம் காரை எழுப்பியிருக்கும். பழைய பேட்டரியோ எடைக்குப் போயிருக்கும்.

சார்ஜ் குறைந்த பேட்டரி முன்கூட்டியே அறிகுறி காட்டும். விளக்கு மங்கும், ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், பிறகு ரிலே (ஸ்டார்ட்டருக்குக் கரன்ட் விடும் சுவிட்ச்) ‘டக் டக்’ என்று அடிக்கும். 11 வோல்ட்டுக்கு இறங்கினாலும் டேஷ்போர்டு விளக்கு மினுக்கும். இரவு முழுக்க விளக்கு எரிந்திருந்தாலோ, கார் மாதக்கணக்கில் நின்றிருந்தாலோ பேட்டரி முழுதாக வடியலாம். அப்படி எதுவும் இல்லாமல், நேற்று நன்றாக ஓடிய கார் இன்று ஒரே நொடியில் இருண்டால், கரன்ட் போகும் பாதை எங்கோ அறுந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியவை மூன்று: பேட்டரி டெர்மினல், மெயின் ஃப்யூஸ், எர்த் ஒயர் (பேட்டரியின் நெகட்டிவை பாடியோடும் எஞ்சினோடும் இணைப்பது). வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் 10 மி.மீ. ஸ்பேனரும் இருந்தால் பத்து நிமிட வேலை.

மீட்டரை நம்பி ஏமாறுவதும் இங்கேதான். விளக்கு, இக்னிஷன் எல்லாம் அணைந்த நிலையில் அளந்து, “12.6 இருக்கிறதே, பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது” என்பார்கள். மீட்டர் இழுக்கும் கரன்ட் கடுகளவு. துரு ஏறிய இணைப்பும், உள்ளே விரிசல் விட்ட பேட்டரியும் அந்தக் கடுகளவைத் தாராளமாகக் கொடுக்கும். அடைத்துக்கொண்ட குழாயிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவது போல; குடத்தை வைத்தால்தான் வண்டவாளம் தெரியும். எனவே இக்னிஷனையும் ஹெட்லைட்டையும் ஆன் செய்துவிட்டு அளக்க வேண்டும். இரண்டு 55 வாட் பல்புகள் சுமார் 9 ஆம்பியர் கேட்கும்.

மீட்டர் முனைகளை வைக்க வேண்டிய இடம் பேட்டரியின் ஈயக் குமிழ்கள். அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்ப் அல்ல. ஹெட்லைட் சுவிட்ச் ஆனில் இருக்கும்போது குமிழில் 2, 3 வோல்ட் என்று விழுந்து, அணைத்ததும் 12-க்கு ஏறினால், பேட்டரிக்குள் செல்களை (மின்சாரம் தரும் தனித்தனி அறைகள்) இணைக்கும் ஈயப்பட்டை உடைந்திருக்கும். நம் ஊர் வெயிலில் இது அபூர்வமில்லை. அந்த பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். எதையும் ஆன் செய்யாமலே 10.5 அளவில் நின்றால் பெரும்பாலும் ஒரு செல் போயிருக்கும். குமிழில் 12-க்கு மேல் அசையாமல் நின்று, காரில் மட்டும் இருட்டு என்றால் கோளாறு பேட்டரிக்கு வெளியே.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு விதி போதும்: சுவிட்ச் ஆனில் இருக்கும்போது அறுப்பின் இரு பக்கமும் மீட்டரை வைத்தால் முழு 12 வோல்ட்டும் அங்கேதான் காட்டும். சிவப்பு முனையைப் பாசிட்டிவ் குமிழிலும் கறுப்பு முனையை அதன் கிளாம்பிலும் வையுங்கள். பூஜ்யம் வர வேண்டும். 12 வந்தால் திருடன் அகப்பட்டான். நெகட்டிவிலும் இப்படியே. விளக்கு எரிந்து ஸ்டார்ட்டர் மட்டும் திணறும் காரில், ஸ்டார்ட் செய்யும் நொடியில் குமிழுக்கும் கிளாம்புக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தாலே அந்த இணைப்பு சரியில்லை.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றுவது வழக்கம். அது வெளிப்பூச்சை மட்டும்தான் கரைக்கும். தடை உண்டாக்குவது கிளாம்பின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் படியும் கறுப்புப் படலம். முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகாமல் இருக்கத்தான் இந்த வரிசை. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து கழுவி, செல் மூடிக்குள் போகாமல் பார்த்து, உப்புத்தாளால் குமிழையும் கிளாம்பின் உட்புறத்தையும் பளபளப்பாகத் தேயுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இறுக்கிய பிறகு மேலே வாசலின். கிளாம்பைக் கையால் திருகினால் அசையவே கூடாது. குமிழ்கள் தடித்தவை, மெல்லியவை என இரு அளவில் வருகின்றன. தடித்த குமிழுக்கான கிளாம்பில் மெல்லிய குமிழ் பேட்டரியை மாட்டி, இடைவெளியில் தகரத் துண்டைச் செருகி அனுப்பும் கடைகள் உண்டு. சில மாதங்களில் தளர்ந்து, மேடு பள்ளத்தில் கார் இருண்டு மறுபடி உயிர்பெறுவது அந்தத் தகரத்தால்தான்.

மெயின் ஃப்யூஸ் பல கார்களில் பாசிட்டிவ் கிளாம்பின் மேலேயே, சிறு பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். 80 ஆம்பியருக்கு மேற்பட்டது, போல்ட் போட்டு இறுக்கியது. டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இது காரணமில்லாமல் போகாது. ஜம்ப்பர் கேபிளை (இன்னொரு பேட்டரியிலிருந்து கரன்ட் கொடுக்கும் தடித்த ஒயர்) பாசிட்டிவ், நெகட்டிவ் மாற்றிக் கொடுத்தது, ஸ்பேனர் ஷார்ட், ஃப்யூஸ் இல்லாமல் இழுத்த ஆம்ப்ளிஃபயர் ஒயர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். புது ஃப்யூஸ் போடுமுன் எல்லா சுவிட்சையும் அணைத்து, அதன் இடத்தில் ஒரு 21 வாட் பல்பை இணையுங்கள். நொடி மின்னி அணைந்தால் பயமில்லை. பிரகாசமாக நின்று எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. நெகட்டிவைக் கழற்றிவிட்டு எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரை எடுத்து, நுனி எதிலும் படாதபடி டேப் சுற்றித் தனியே வையுங்கள். நெகட்டிவை மாட்டியதும் பல்பு எரியாவிட்டால், ஆல்டர்னேட்டருக்கு உள்ளே டையோடு (கரன்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) எரிந்திருக்கிறது. செப்புக் கம்பியோ சிகரெட் பெட்டியின் ஈயத்தாளோ வைத்து ஓட்டினால் அடுத்து எரிவது ஒயரிங்.

எர்த் ஒயருக்குச் சுலபமான சோதனை உண்டு. கறுப்பு ஜம்ப்பர் கேபிளின் ஒரு நுனியை நெகட்டிவ் குமிழிலும், மறு நுனியை பாடியில் பெயின்ட் இல்லாத போல்ட்டிலும் பிடியுங்கள். கார் விழித்துக்கொண்டால் பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் ஒயரே குற்றவாளி. அந்த நுனியை எஞ்சின் இரும்பில் பிடித்து ஸ்டார்ட்டரின் திணறல் தீர்ந்தால், எஞ்சினுக்குப் போகும் எர்த். பழைய கார்களில் இது அறுந்தால் ஸ்டார்ட்டர் கரன்ட் கிளட்ச், ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியே பாய்ந்து அவற்றைச் சூடாக்கும்.

பேட்டரி வடிந்திருந்தால் ஜம்ப் கொடுக்கலாம். கேபிள் சிறிய பெட்ரோல் காருக்குக் குறைந்தது 16 சதுர மி.மீ., டீசலுக்கு 25. தடித்த ரப்பருக்குள் நூல் போலச் செம்பு வைத்து விற்பதை வாங்கிப் பயனில்லை. சிவப்பு முதலில் வடிந்த பேட்டரியின் பாசிட்டிவில், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி நுனி வடிந்த காரின் எஞ்சின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரி மேலே தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். முற்றிலும் வடிந்த காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல்வது வீண்; பெட்ரோல் பம்புக்கும் ஈசியூவுக்கும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கரன்ட் எங்கிருந்து வரும்?

எங்கள் தொழிலில் இன்னும் சிலர் கைவிடாத ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். டைனமோ (ஆல்டர்னேட்டரைத்தான் இப்படிச் சொல்கிறோம்) சார்ஜ் கொடுக்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுகிறார்கள். அந்த நொடியில் மின்னழுத்தம் பல மடங்கு எகிறி, பல ஆயிரம் ரூபாய் ஈசியூவைக் காவு வாங்கலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி குமிழில் மீட்டரை வையுங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வோல்ட் வந்தால் டைனமோ வேலை செய்கிறது.

டெர்மினலை மறுபடி மாட்டும்போது சில கார்கள் தாமே பூட்டிக்கொள்ளும். சாவி சட்டைப் பையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர்,
கோயம்புத்தூர்.