2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமது குடியிருப்போர் சங்கம் 2024ஆம் ஆண்டில் ஆற்றிய பணிகளை இவ்வறிக்கையில் சமர்ப்பிக்கிறேன். தைப்பொங்கல் விழா, பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி வழங்கல், மரண உதவி ஆகியன வழமைபோல் நடந்தேறின. அவற்றின் வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டில் கூடிய ஆறு கூட்டங்களில் ஐந்தைக் குப்பைப் பிரச்சினையே விழுங்கிவிட்டமையால், என் அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

மதகுக்குக் கீழே கடைத்தெருவும் அதையொட்டிய வீடுகளும், மேலே தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களும் நமது சங்கத்தின் எல்லைக்குள் அடங்குவதை அனைவரும் அறிவர். ஆண்டின் தொடக்கத்தில் பிரதேச சபையின் டிராக்டர் கிழமைக்கு இருமுறை மதகடி வரை வந்து, அங்கேயே திரும்பிவிடும். மேலே செல்லும் பாதை கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்ட தோட்டத்துக்குரியது என்பதே நமக்குக் காலங்காலமாகக் கிடைத்துவந்த பதில். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது உண்மைதான். ஆனால் அப்பிரிவு 2018இல் திருத்தப்பட்டு, தோட்ட நிர்வாகத்தைக் கலந்தாலோசித்து அங்கும் பொது வசதிகளைச் செய்துகொடுக்க வழி பிறந்துவிட்டது. சட்டம் திருந்தி ஆறு ஆண்டுகளாகியும் டிராக்டர் மட்டும் மதகைத் தாண்டவில்லை. லயத்துக் குப்பை வழக்கம்போல் வடிகாலான கானுக்குள் விழுந்தது. அதைத் தேடி நாய்கள் வந்தன. நாய்களைத் தேடிச் சிறுத்தை வருவது தோட்டத்தில் எவருக்கும் புதிய செய்தியன்று.

2023 மார்ச்சில் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிவடைந்ததிலிருந்து 2024இலும் சபை அதிகாரிகளாலேயே நிர்வகிக்கப்பட்டதால், நம் சார்பில் எழுந்து பேச அங்கே ஆளிருக்கவில்லை. ஆகவே கடிதத்தையே நம்பினோம். சட்டத் திருத்தத்தின் பிரதியை இணைத்துச் சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் மூன்று முறை எழுதிய பின்னர், ஆகஸ்ட் மாதத்தில் இரு தரப்பினரும் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவின் முற்றத்தில் நம்மோடு அமர்ந்து பேசினர். அதன் பயனாக டிராக்டர் இப்போது பிள்ளைக்காம்பரா வரை ஏறுகிறது. அதற்கு மேல் பாதை ஒடுங்கியது. கடைசி இரண்டு லயத்தவர் இன்னும் தங்கள் வாளியைச் சுமந்துகொண்டு இறங்கியே வரவேண்டியுள்ளது. இதை நான் வெற்றி என்று எழுத மாட்டேன், பாதி என்று எழுதுகிறேன்.

இரண்டாவது சிக்கல் டிராக்டர் பெட்டிக்குள் இருந்தது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் நிற ஒழுங்கின்படி உணவுக் கழிவுக்குப் பச்சை வாளியையும் பொலித்தீன், பிளாஸ்ரிக்குக்குச் செம்மஞ்சள் பையையும் நாம் பழக்கப்படுத்தியிருந்தோம். பெட்டியோ ஒன்றே ஒன்று. இரண்டும் ஒரே குவியலாகவே சென்றன. “நாங்க வீட்டில பிரிச்சு வைக்கிறோம், அவங்க பெட்டியில சேர்த்து வைக்கிறாங்க” என்று மாதர் குழு அக்கா ஒருவர் மே மாதக் கூட்டத்தில் சொன்னபோது எழுந்த சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. பெட்டிக்குத் தடுப்பு அடிக்கக் கேட்டோம், கிடைக்கவில்லை. மாற்றாக, செவ்வாய்க்கிழமை உக்கும் கழிவு மட்டும், சனிக்கிழமை உக்காதது மட்டும் என்று நாளைப் பிரிக்கச் சபை இணங்கியது. தடுப்பைவிட இதுவே மேல் என்பது என் கருத்து, ஏனெனில் தவறான நாளில் தவறான வாளியைக் கொண்டுவருபவர் யாரென்று வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

செவ்வாய்க் கழிவு எங்கே போகிறது என்று பலர் கேட்டதால், நிர்வாகக் குழுவினர் சபையின் கூட்டெரு (கம்போஸ்ட்) முற்றத்துக்குச் சென்று பார்த்தோம். கூரையின் கீழ் கழிவை இடுப்பளவுக்கு மேல் நீளக் குவியல்களாகக் கொட்டி, கிழமைக்கு ஒருமுறை புரட்டுகிறார்கள். நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது குவியலின் உட்புறம் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும். அந்தச் சூட்டில்தான் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் அழியும். நமது குளிரிலும் தென்மேற்குப் பருவ மழையிலும் குவியல் எளிதில் சூடேறுவதில்லை என்பதால், மூன்று மாதத்தில் முடியவேண்டியது சில வேளைகளில் நான்கைந்து மாதமாகிறது. முடிந்ததைச் சல்லடையில் அரிக்கிறார்கள். நாங்கள் நின்றிருந்த பத்து நிமிடத்தில் அந்தச் சல்லடையில் தங்கியவை: பால்மா பக்கற்றின் வெள்ளித்தாள், ஷாம்பூ சஷே, சவர பிளேட் ஒன்று, குழந்தையின் பம்பர்ஸ் ஒன்று. அரிப்பவர் கையுறை அணிந்திருக்கவில்லை. அந்த பிளேட் நம் ஊரிலிருந்து போனதல்ல என்று உறுதியாகச் சொல்ல எவராலும் முடியவில்லை.

பொகவந்தலாவை வழியாகப் பலாங்கொடைக்கும் ஒரு நாள் சென்றோம். அங்குள்ள நகர சபையின் கூட்டெரு நிலையம் நாடறிந்தது. உணவுக் கழிவோடு மலக்கழிவையும் பக்குவப்படுத்திப் பயன்படுத்துகிறார்கள்.

டிராக்டர் வராத நாட்களுக்காகக் கோயில் காணியில் நாமே அமைத்த குவியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடத்தைத் தெரிவு செய்தவன் நான், அது தவறான தெரிவு. நாம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குச் சற்று மேலே அமைந்ததால் ஜூன் மழையில் கறுப்பு ஊறல் வழிந்து பீலியை நோக்கி வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எச்சரித்த மறுநாளே இளைஞர்கள் குவியலைக் கீழ்ப்புறத்துக்கு மாற்றித் தகரக் கூரையும் போட்டுத் தந்தனர். அவர்களுக்கு என் நன்றி. நெத்தலித் தலை, மீன் கழிவு, எஞ்சிய கறி ஆகியவற்றை இக்குவியலில் போடக்கூடாதென்பது எலித் தொல்லைக்குப் பின் கற்ற பாடம். மரக்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் மட்டும் போட்டால் அது கொழகொழத்து நாறுகிறது. ஒரு வாளிக்கு இரண்டு வாளி காய்ந்த இலையோ மரத்தூளோ சேர்த்த பின்னரே சரிவந்தது. டிசம்பர் மாதக் காலையொன்றில் குவியலிலிருந்து ஆவி எழுவதைக் கண்ட பூசகர் ஐயா தீப்பிடித்துவிட்டதென்று வாளித் தண்ணீருடன் ஓடிவந்தார். குவியல் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இக்கூட்டெருவைப் பற்றி மிகையான நம்பிக்கை வேண்டாம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே இருக்கும். 2021இல் இரசாயனப் பசளை ஒரேயடியாக நிறுத்தப்பட்டபோது தேயிலைக்கும் மரக்கறிக்கும் நேர்ந்ததை இங்கே எல்லோரும் கண்டோம். இது மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும். வீட்டுத்தோட்டத்து லீக்ஸுக்கும் பீட்ரூட்டுக்கும் போதும், கொழுந்து மலைக்குப் போதாது.

அரித்த பசளை பதினொரு மூடை கோயில் மடத்தில் உள்ளது. கடைசி இரண்டு லயத்தவருக்கு முதலில் வழங்கி, மீதியை ஏனையோருக்குப் பகிர்வதென்றும், அந்த லயங்கள் வரை தள்ளுவண்டி ஒன்று கேட்டு மீண்டும் சபைக்கு எழுதுவதென்றும் நிர்வாகக் குழு முன்மொழிகிறது. சபையின் ஊழியருக்குக் கையுறை வாங்க உறுப்பினருக்கு ஐம்பது ரூபாய் வீதம் திரட்டுவது என் தனிப்பட்ட முன்மொழிவு. இவற்றை உறுப்பினர்களின் அங்கீகாரத்துக்கு விடுகிறேன். பசளை பெற வருவோர் தத்தமது சாக்கைக் கொண்டுவரவும்.

செயலாளர்