தடுப்பூசி பாதிப்பு இழப்பீட்டுச் சட்டங்களை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நான் தடுப்பூசிக்கு எதிரானவள் அல்லள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றி வாய் திறந்தாலே அப்படியொரு முத்திரை விழுந்துவிடுகிறது. என் பிள்ளைகளுக்கு எல்லாத் தவணைகளையும் போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

எனக்குப் போட்ட ஊசி தோள் தசையில் இறங்காமல், சற்று மேலே, மூட்டை ஒட்டிய திசுவில் இறங்கிவிட்டது. அன்றிரவு தொடங்கிய வலியால் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. சட்டைக்குள் கையை நுழைக்க இன்னொருவர் துணை வேண்டியிருந்தது. "ஊசி போட்டால் வலிக்கத்தான் செய்யும்" என்று முதலில் பார்த்த மருத்துவர் சொன்னதை நம்பி மாதக்கணக்கில் பொறுத்திருந்து, பிறகு இயன்முறை சிகிச்சைக்கு அலைந்து, கடைசியில் ஸ்கேன் எடுத்துக் காரணம் தெரிந்தபோது, இழப்பீடு கேட்பதற்கான கெடு முடியச் சில வாரங்களே மிச்சமிருந்தன.

அந்தக் கெடுவைப் பற்றியதே இம்மடல். அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாராட்டத்தக்கவை உண்டு. யார் மீது தவறு என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. சட்டத்தின் பாதிப்பு அட்டவணையில் உள்ள ஒரு பாதிப்பு, அதில் குறித்த காலத்துக்குள் (தோள் பாதிப்புக்கு 48 மணி நேரம்) தோன்றினால், ஊசியே காரணம் என்று கொள்ளப்படுகிறது. நியாயமான அடிப்படையோடு தொடுத்த வழக்கு தோற்றாலும் வழக்கறிஞர் கட்டணம் கிடைக்க வழியுண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் காலமோ முதல் அறிகுறியிலிருந்து 3 ஆண்டுகள்தான். கோவிட் தடுப்பூசிக்கான தனித் திட்டத்தில் ஊசி போட்ட நாளிலிருந்து 1 ஆண்டுதான். ஊசியால் வந்தது என்று நோயாளி அறிந்த நாளுக்கு இரண்டிலும் கணக்கில்லை. வலி தொடங்கிய தேதி எல்லோருக்கும் தெரியும். அதன் பெயர் தெரியத்தான் காலம் பிடிக்கிறது.

பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வகையில் கடுமையானது. 60 சதவீத ஊனம் இருந்தால் 120,000 பவுண்டு, அதற்குக் கீழே எதுவுமில்லை. வேலைக்குப் போக முடியாத 50 சதவீதக்காரர் என்ன செய்வார்?

ஆகவே, ஊசிக்கும் பாதிப்புக்கும் உள்ள தொடர்பை மருத்துவர் எழுத்தில் பதிந்த நாளிலிருந்து கெடுவைக் கணக்கிடுங்கள். தொகையைப் பாதிப்பின் அளவுக்கேற்பப் படிப்படியாக வையுங்கள். ஊசி போடும் இடத்தில் தரும் சீட்டிலேயே மருந்தின் தொகுதி எண்ணையும், பாதிப்பு நேர்ந்தால் எங்கே, எப்போதைக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் அச்சிடச் செய்யுங்கள். என் சீட்டில் அடுத்த தவணைக்கான தேதி மட்டுமே இருந்தது.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்டவர்களில் ஒருத்தி