தும்பை காய்ந்த பிறகு வெட்டுங்கள்

பூங்காக்களையும் சாலையோரங்களையும் பராமரிக்கும் நகராட்சி, பேரூராட்சி அலுவலர்களுக்கு,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வேலியோரமெல்லாம் தும்பை பூக்கிறது. நன்றாகப் பூத்திருக்கும் நேரம் பார்த்துத்தான் புல்வெட்டும் இயந்திரமும் வந்து சேர்கிறது. வெட்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. விதை உதிர்ந்த பிறகு வெட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அறுகம்புல்லை எத்தனை முறை வெட்டினாலும் வேரிலிருந்து துளிர்த்துவிடும். தும்பை அப்படியில்லை, ஓராண்டுச் செடி. இந்த வருடம் விதை மண்ணில் விழுந்தால்தான் அடுத்த மழைக்குச் செடி முளைக்கும். வருடா வருடம் பூவிலேயே வெட்டினால், மண்ணில் கிடக்கும் பழைய விதையும் குறைந்துகொண்டே போகும். களைக்கொல்லி தெளிப்பது இன்னும் மோசம்.

ஒருநாள் காலையில் அந்தச் செடி பக்கம் குனிந்து பாருங்கள். பூவின் கீழிதழ் அகலமாக முன்னால் நீண்டிருக்கும். தேனீ வந்து இறங்குவது அதில்தான். மேலிதழ் வெள்ளை மயிர் போர்த்திய குட்டிக் குல்லா. மகரந்தப் பைகள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. தேனுக்காகத் தலையை உள்ளே விடும் தேனீயின் மேல் மகரந்தம் அப்பிக்கொள்ளும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தேனீயும் வரும். அது கூட்டமாக வாழாது, மண்ணில் தனியாக வளை தோண்டி முட்டையிடும். அப்புறம் சின்னச் சின்ன வண்ணத்துப்பூச்சிகள், எறும்புகள். புல்தரைக்குக் கோடையில் லாரித் தண்ணீர் ஊற்றுகிறோம். அந்தப் புல்லில் இவற்றுக்குக் குடிக்க ஒரு சொட்டுத் தேன் கிடையாது. தும்பைக்கோ பெய்த மழையே போதும், உரமும் கேட்காது.

புதர் மண்டினால் பாம்பு வரும் என்று மக்கள் புகார் சொல்வார்கள் என்பது தெரியும். நியாயமான பயம்தான். நடைபாதையை ஒட்டி மூன்றடி சுத்தமாக வெட்டிவிட்டு, வேலியோரப் பட்டையை மட்டும் விடுங்கள். தும்பை பெரும்பாலும் முழங்கால் உயரம்தான் வளரும்.

தண்டைச் சுற்றியிருக்கும் உருண்டைக் கொத்து பழுப்பாகிக் காய்ந்ததும், அதை உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். பொடிப் பொடியாகப் பழுப்பு விதை கொட்டினால் வெட்டலாம். வெட்டியதை உடனே வண்டியில் அள்ளாமல் இரண்டு நாள் அங்கேயே போட்டுவைத்தால் மிச்ச விதையும் உதிரும். கொஞ்சம் எடுத்துவைத்து, அடுத்த மழைக்கு முன் வெற்றிடங்களில் தூவுங்கள்; ஆழமாகப் புதைக்க வேண்டாம்.

இதற்குத் தனியாக நிதி வேண்டியதில்லை. புல்வெட்டும் ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும் பணி ஆணையில், ‘வேலியோரத் தும்பையைக் காய்ந்த பின்பே வெட்ட வேண்டும்’ என்ற ஒரு வரியை இந்த மழைக்காலம் முடிவதற்குள் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பூங்காவுக்கு நடக்க வரும் ஒருவர்