அந்தப் பையனுக்கு யாராவது பதில் சொல்லுங்கள்

மதுரை வட்டாரக் கல்லூரிகளில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம் நடத்தும் பேராசிரியர்களுக்கு, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன் ஒருவனின் வணக்கம்.

போன மாதம் இப்படியொரு கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு முடிந்ததும் ஒரு பையன் எழுந்தான். "சார், கஞ்சாவைப் பச்சையா அரைச்சுக் குடிச்சா போதையே ஏறாதாமே, நெசமா?" அரங்கமே சிரித்தது. "இந்த ஆராய்ச்சியெல்லாம் உனக்கு எதுக்குத் தம்பி?" என்று பேச்சாளர் உட்கார வைத்துவிட்டார். அவன் கேட்டதில் பாதி உண்மை. அந்தப் பாதியோடுதான் வீட்டுக்குப் போயிருப்பான்.

கஞ்சாவில் போதை தரும் பொருளின் பெயர் டிஹெச்சி. பச்சைச் செடியில் அது சொற்பம். நிறைய இருப்பது அதன் அமில வடிவமான டிஹெச்சிஏ. அதில் கூடுதலாகக் கார்பாக்சில் தொகுதி என்ற ஒரு சிறு அணுக்கூட்டம் ஒட்டிக்கொண்டிருப்பதால் போதை தருவதில்லை. சூடு பட்டால் அந்தத் தொகுதி கார்பன் டை ஆக்சைடாகக் கழன்றுகொள்ளும், மிஞ்சுவது டிஹெச்சி. இதை விளக்க வெளியூர் உதாரணம் எதற்கு? காளவாசல் பஸ் ஸ்டாப்பில் எத்தனை முறை இறங்கியிருப்போம்! காளவாசல் என்றால் சூளைதானே. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் வேகவைத்தால் இதே வாயுதான் வெளியேறுகிறது. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் நடக்கலாம். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கை வெந்துவிடும். கழியும் மூலக்கூறு எடையும் இரண்டிலும் ஒன்றே: 44. டிஹெச்சிஏவின் 358 டிஹெச்சியின் 314 ஆகிறது. சுண்ணாம்புக்குச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வேண்டும். டிஹெச்சிஏவுக்கு 100ஐத் தாண்டினாலே வேகம் பிடித்துவிடும். புகைக்கிறவனின் நெருப்பில் நொடியில் முடிகிற வேலை.

மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். பையன்கள் கைக்கு வருவது பச்சைச் செடி அல்ல, காய்ந்த பொட்டலம். காயும்போதும் சும்மா கிடக்கும்போதும் இந்த மாற்றம் மெல்ல நடந்துகொண்டே இருக்கும். சித்திரையில் தகரக் கூரைக்கடியில் கிடந்த சரக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 'பச்சை' என்ற பெயரை நம்பி எவனும் வாயில் போட்டுவிடக் கூடாது. மருந்து என்கிறார்களே என்பீர்கள். அமில வடிவத்தைப் பற்றி மனிதர்களிடம் போதிய சோதனை இன்னும் நடக்கவில்லை.

எனக்கு அதைவிடக் கவலை கஞ்சா கலந்த சாக்லேட்டைப் பற்றித்தான். அதற்குள் போவது ஏற்கெனவே சூடு பட்ட சரக்கு. புகைத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஈரல் வழியே போகும்போது 11-ஹைட்ராக்சி டிஹெச்சி என்ற வீரியமான பொருளாக வேறு மாறுகிறது. "ஒண்ணும் பண்ணலையேடா" என்று இன்னொன்றைப் பிய்த்துப் போடுகிறவன் மாட்டிக்கொள்வது இங்கேதான். வீட்டில் தம்பி தங்கை கையில் அது கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டத்துக்கும் இந்த வேதியியல் பொருட்டல்ல. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் பூக்கும், காய்க்கும் நுனிகள் என்றாலே கஞ்சாதான். சூடு பட்டதா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கிலோவுக்குள் இருந்தாலும் ஓராண்டு வரை கடுங்காவல் விதிக்கலாம். "போதை ஏறாத பச்சைதானே சார்" என்று ஸ்டேஷனில் வாதாடிப் பயனில்லை.

பயமுறுத்தும் படங்களை அவர்கள் பள்ளியிலிருந்தே பார்த்துச் சலித்துவிட்டார்கள். தெரிந்த ஒன்றை நாம் மறைத்தால் மற்றதையும் நம்பமாட்டார்கள். முப்பது வருடம் பாடம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் கல்லூரி வேதியியல் துறையிலிருந்து ஒருவரை மேடையேற்றுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். சால்வை, மாலை வேண்டாம். ஒரு கரும்பலகை, ஒரு சுண்ணாம்புக்கல், முடிந்தால் அந்தப் பையன் முன்வரிசையில்.