உடுக்கைக்கு முந்திய ஒற்றை உருண்டை

ஆசிரியருக்கு,

வணக்கம். கோளரங்கங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் '1923-இல் மியூனிக்கில் காட்டிய முதல் கருவி' என்று ஒரு படம் போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது இரண்டு முனையிலும் உருண்டை வைத்த, உடுக்கை போன்ற கருவி. அது பிறகு வந்த இரண்டாம் மாதிரி. 1923 அக்டோபர் 21 அன்று டாய்ச் அருங்காட்சியகத்தில் காட்டிய கருவிக்கு, விண்மீன்களைக் கூரையில் ஒளியாக வீழ்த்தும் உருண்டை ஒன்றுதான். சின்னப் பிசகுதான். ஆனால் இரண்டாவது உருண்டை ஏன் வந்தது என்பதில்தான் கதையே இருக்கிறது.

அருங்காட்சியகத்தை நிறுவிய ஆஸ்கர் ஃபான் மில்லர் முதலில் கேட்டது, ஆட்கள் உள்ளே உட்கார்ந்திருக்கச் சுற்றும் பெரிய தகட்டுக் கோளம். சிகாகோவில் 1913-இல் வைத்த ஆட்வுட் கோளம் அந்த வகை: குறுக்களவு 4.6 மீட்டர், 692 ஓட்டை, வெளி வெளிச்சம் அவற்றின் வழியே விண்மீனாகத் தெரியும். விண்மீனுக்கு அது சரி. செவ்வாயும் வியாழனும் மாதத்துக்கு மாதம் இடம் மாறுமே, போட்ட ஓட்டை நகருமா? பெரிதாக்கினால் எடை ஏறி, சுழற்றுவதே பெரும்பாடு. முதல் உலகப் போரால் நின்ற பேச்சு மறுபடி தொடங்கியபோது, 1919-இல், யேனா நகரின் கார்ல் ஸைஸ் நிறுவனப் பொறியாளர் வால்டர் பவர்ஸ்ஃபெல்ட் தலைகீழாக யோசித்தார்: கூரை சும்மா இருக்கட்டும், வெளிச்சம் சுற்றட்டும்.

உருண்டையின் நடுவில் விளக்கு. சுற்றிலும் 31 ப்ரொஜெக்டர்கள். ஒவ்வொன்றிலும் வானத்தின் ஒரு துண்டு. மொத்தம் சுமார் 4,500 விண்மீன்கள். ஒரு லென்ஸ் இம்மி நகர்ந்தாலும் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் விண்மீன் கூட்டம் உடைந்து தெரியும். பிரகாசமான விண்மீனுக்குத் துளை பெரிது என்பதால் சிரியஸ் புள்ளியாக இல்லாமல் வட்டமாகிவிடும். பிற்காலக் கருவிகளில் அதற்குத் தனி ப்ரொஜெக்டரே வைத்தார்கள். அடிவானத்துக்குக் கீழே போகும் விண்மீனை மறைக்க, லென்ஸுக்கு முன்னால் தன் எடையாலேயே சாயும் இமை போன்ற மூடியும் உண்டு. அது சிக்கிக்கொண்டால் விண்மீன்கள் பார்வையாளர் சட்டையில் விழும்.

இத்தனை இருந்தும் அந்த முதல் கருவிக்கு மியூனிக் வானம் மட்டும்தான் தெரியும். அச்சு அந்த ஊரின் 48 பாகை அட்சரேகைக்கே பொருத்தப்பட்டது. மாசி இரவில் நமக்குத் தெற்கே மின்னும் அகத்திய நட்சத்திரம் மியூனிக்கில் உதிப்பதே இல்லை; கருவியிலும் உதிக்கவில்லை. மற்ற ஊர்கள் கேட்கத் தொடங்கியதும் ஸைஸ் நிறுவனத்தின் வால்டர் வில்லிகர் தென்வானத்துக்கு இன்னோர் உருண்டை சேர்த்து, எந்த அட்சரேகைக்கும் திருப்பும்படி செய்தார். விண்மீன்கள் சுமார் 8,900 ஆயின. 1926-இல் பார்மன், யேனா, லைப்ஸிக், டிரெஸ்டன் என்று ஜெர்மன் நகரங்களில் கோளரங்கங்கள் திறந்தன. ரோம் 1928, மாஸ்கோ 1929, சிகாகோ 1930.

கூட்டம் வந்ததற்குப் 'புதுமை மோகம்' என்கிறது கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. செவ்வாய் தயங்கி நின்று, பின்வாங்கி, மறுபடி முன்னேறுவதை வெளியே பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உள்ளே சில நிமிடம் போதும். ஆனால் ஒன்று, அரங்கின் விளக்கைப் பட்டென்று அணைக்கக் கூடாது. அந்தி மெல்ல மங்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகும்முன் காட்சியைத் தொடங்கினால் மங்கலான விண்மீன்கள் வீண்.

திருத்தப் படம் தேடும்போது ஒரு முனையில் உருண்டையும் மறுமுனையில் கோள்களுக்கான பற்சக்கரக் கூடும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முனையிலும் உருண்டை இருந்தால் அது வில்லிகருடையது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி