ரூம் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லுங்கள்: வடசென்னை லாட்ஜ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, மண்ணடி, வால்டாக்ஸ் ரோடு பக்கம் லாட்ஜ் நடத்தும் முதலாளிமார்களுக்கும், ரிசப்ஷனில் உட்காரும் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

நான் ராயபுரத்தில் குடியிருப்பவன். சொந்த ஊர் விருத்தாசலம் பக்கம். ஊரிலிருந்து யார் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். "தம்பி, பக்கத்துலயே ஒரு ரூம் பாத்து வையேன்" என்பார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் படுப்பதற்கே இடம் சரியாக இருக்கும். அதனால் உங்கள் மேஜைகளுக்கு முன்னால் நிறைய நின்றிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். போனில் விசாரிப்பவரிடம் ரூமைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

என் சித்தப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. தையல் பிரிக்கும் வரை பக்கத்திலேயே தங்கச் சொன்னார்கள். ஒரு லாட்ஜுக்குப் போன் போட்டு, ஆபரேஷன் முடிந்த பெரியவர் என்று சொல்லித்தான் கேட்டேன். "லிஃப்ட் இருக்கு சார், தாராளமா வாங்க" என்றார்கள். அட்வான்ஸும் கட்டியாயிற்று. நேரில் போனால் லிஃப்ட் இரண்டாவது மாடியோடு நின்றது. ரூம் மூன்றாவது மாடியில். "ஒரு மாடிதானே சார், மெதுவா ஏறிடலாம்" என்றார் ரூம்பாய். சித்தப்பா ஒரு கையால் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைப்பிடிச் சுவரைப் பற்றி ஏறினார். பாதியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை அதட்டவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் சித்தி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். மேலே போய்ப் பாத்ரூமைத் திறந்தால் இந்தியன் டாய்லெட். குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் தையல் என்னாவது? கீழே வந்து கேட்டதற்கு, "லெட்ஜர்ல எழுதிட்டோம் சார், அட்வான்ஸ் திரும்ப வராது" என்று முடித்துவிட்டார்கள்.

அந்த ரூமைக் குறை சொல்ல மாட்டேன். படுக்கை விரிப்பு வெளுத்துச் சுத்தமாக இருந்தது, ஃபேன் நன்றாகச் சுற்றியது, வாடகையும் நியாயமானது. பாரிமுனையில் சரக்கு எடுக்க வரும் ஒரு வாலிபருக்கு அது அருமையான ரூம். போனில் உண்மையைச் சொல்லியிருந்தால் நாங்கள் வேறு இடம் பார்த்திருப்போம், அந்த ரூம் அவருக்குக் கிடைத்திருக்கும், உங்களுக்கும் வாடகை வந்திருக்கும்.

அதே வாரம் மண்ணடியில் ஒரு சின்ன லாட்ஜில் கேட்டேன். எடுத்தவர் சொன்னார்: "ஐயா, எங்க படி செங்குத்தா இருக்கும், தண்ணி உப்பு, ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர்தான். பெரியவருக்கு வேணாம்." சொன்னதோடு விடாமல், தரைத்தளத்தில் வெஸ்டர்ன் டாய்லெட்டோடு ரூம் உள்ள இன்னொரு இடத்தையும் அவரே கைகாட்டினார். சித்தப்பா அங்கேதான் தங்கித் தேறினார். அப்புறம் ஊரிலிருந்து எத்தனையோ இளவட்டங்களை அந்த மண்ணடி லாட்ஜுக்கு அனுப்பிவிட்டேன். படியும் உப்புத் தண்ணீரும் தெரிந்தேதான் போகிறார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை.

சென்னையில் எங்கே தங்கலாம் என்று கேட்டால் எல்லோரும் தி.நகர், எழும்பூர் என்று கைகாட்டுகிறார்கள். வடசென்னை என்றாலே முகம் சுளிப்பவர்களும் உண்டு. அதனால் உண்மையைச் சொன்னால் வருகிற ஆளும் போய்விடுவாரோ என்று உங்களுக்குப் பயம் இருக்கலாம். எனக்கு அந்தப் பயம் நியாயமாகத் தெரியவில்லை. உங்களிடம் வருகிறவர்கள் யார்? ஸ்டான்லியிலும் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியிலும் ஆளைச் சேர்த்துவிட்டுத் துணைக்கு நிற்கிறவர்கள். கல்யாணத்துக்குத் துணி எடுக்க எம்.சி. ரோட்டுக்கு வரும் குடும்பங்கள். சௌகார்பேட்டையில் மொத்தச் சரக்கு வாங்குகிற சின்ன வியாபாரிகள். இவர்களில் யாரும் சொகுசு தேடி வருவதில்லை. எதற்குத் தயாராக வர வேண்டும் என்று தெரிந்தால் போதும் இவர்களுக்கு.

வந்தவரைத் தங்க வைப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. பஞ்ச காலத்தில், 1782இல், பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்துதான் ஸ்டான்லி வளர்ந்தது. எங்கள் தெருப் பெரியவர்களுக்கு இன்னமும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். சென்ட்ரலுக்கு எதிரே சத்திரம் கட்டிய அதே ராமசாமி முதலியார் பெயரில்தான் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியும் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் கிளம்பியதும் ராயபுரத்திலிருந்துதானே.

செக்-அவுட் விஷயத்துக்கு வருகிறேன். சண்டை அதிகம் வருவது இதில்தான். தென்மாவட்ட பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகின்றன. விடியற்காலை நாலு மணிக்கு அங்கே இறங்கி, வண்டலூரில் மின்சார ரயில் பிடித்து பீச் ஸ்டேஷன் வந்து, ஆட்டோ ஏறி உங்கள் வாசலுக்கு வரும்போது பொழுது விடிந்திருக்கும். குளித்துவிட்டு ஓ.பி. சீட்டு வாங்க ஓட வேண்டும். 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜில் தொல்லை இல்லை. பகல் பன்னிரண்டு மணிக் கணக்கு என்றால் காலை ஏழு மணிக்கு வந்தவர் மதியமே இரண்டாம் நாள் வாடகைக்குள் போய்விடுகிறார். எந்தக் கணக்கு வைப்பது என்பது உங்கள் இஷ்டம். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள்.

வழியும் சொல்லுங்கள். சென்ட்ரலில் இறங்கியவரை வெளியே ஆட்டோக்காரரிடம் பேரம் பேச விடாதீர்கள். அங்கிருந்து மெட்ரோவில் ஹைகோர்ட், மண்ணடி, அடுத்தது வண்ணாரப்பேட்டை. விமான நிலையத்திலிருந்தும் அதே நீலத் தடம்தான், வண்டி மாற வேண்டியதில்லை. 2021இலிருந்து அந்தத் தடம் விம்கோ நகர் வரை ஓடுகிறது. திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்க ஆசைப்படும் அம்மாக்கள் தேரடி ஸ்டேஷனில் இறங்கினால் போதும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் காத்துக் கிடக்க வேண்டாம். இன்னொன்று, புதிதாக வருபவர் அடிக்கடி ஏமாறுவது இதில்தான்: சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ராயபுரம் வராது, பேசின் பிரிட்ஜ் வழியாகக் கொருக்குப்பேட்டைக்குப் போய்விடும். ராயபுரத்துக்கு பீச்சிலிருந்துதான் ஏற வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் தரைத்தள ரூமைக் கொடுப்பதற்கு முன் உங்கள் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதையும் சொல்லிவிடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்தப் பகுதி பட்ட பாடு உங்களுக்கே தெரியும். ராத்திரி ரயில் சத்தம், காற்று திரும்பினால் வரும் காசிமேட்டு மீன் வாடை, இதையெல்லாம் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. தூக்கம் கெடும் என்று தெரிந்தால் உள்பக்க ரூமாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

வாடகைக்கு மேல் ஜி.எஸ்.டி. என்று வாங்கினால் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் கொடுங்கள். ஆதாரில் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற நகலை ஒருவர் நீட்டினால், வேறு அடையாள அட்டை இருக்கிறதா என்று பொறுமையாகக் கேளுங்கள். திருடனைப் பார்ப்பது போல் பார்க்காதீர்கள்.

பெரிய செலவு எதுவும் வைக்கவில்லை நான். ரிசப்ஷனில் வாடகை எழுதிய போர்டு எல்லோரும் மாட்டியிருக்கிறீர்கள். அதன் கீழேயே லிஃப்ட் எந்த மாடி வரை, வெஸ்டர்ன் டாய்லெட் எந்தெந்த ரூமில், குழாயில் வருவது போர் தண்ணீரா குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரா, செக்-அவுட் எந்தக் கணக்கு என்று நாலு வரி எழுதி வையுங்கள். போன் எடுக்கும் பையனிடமும் அதையே படிக்கச் சொல்லுங்கள். நெட்டில் போடும் போட்டோ, நீங்கள் கொடுக்கப்போகும் அதே ரூமின் போட்டோவாக இருக்கட்டும்.

அப்படி ஒரு போர்டு மாட்டினால் எனக்குத் தகவல் சொல்லி அனுப்புங்கள். அறுவடை முடிந்ததும் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். முதலில் உங்களிடம்தான் அனுப்புவேன்.

இப்படிக்கு,
ராயபுரத்திலிருந்து உங்களில் ஒருவன்